மூன்றாவது சாட்சி

இருபத்தொன்பதாவது நோன்பு அன்று மாலை ஆம்பூரில் மொட்டைமாடி இல்லாதவர்கள்தான் பாவம். மற்ற எல்லோரும் மேற்கே கழுத்தை நீட்டிக்கொண்டு பெருநாள் பிறையைத் தேடினார்கள். நான் மட்டும் வால்நட்சத்திரத்தைத் தேடினேன்.

புனேயில் நான் பல்சார் ஆராய்ச்சி செய்கிறேன். பல்சார் என்பது செத்துப்போன நட்சத்திரம். சுழலச் சுழல ரேடியோ துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும், நேரம் தவறவே தவறாது. போன வாரம் அந்த வால்நட்சத்திரத்தின் வால் ஒரு பல்சாருக்குக் குறுக்கே போனது. துடிப்புகள் மயிரிழை தாமதமாக வந்தன. அது வால் செய்த வேலையா, பக்கத்திலேயே இருக்கும் சூரியன் ஊதிவிடும் காற்று செய்த வேலையா? இரண்டில் ஒன்றைச் சொல் என்று என் பேராசிரியர் உயிரை எடுக்கிறார். எனக்கோ பார்க்கப் பார்க்க மண்டை குழம்புகிறது. ஈத் லீவுக்கு வீட்டுக்கு வந்தால் நிம்மதியாக இருக்கலாம் என்று வந்தேன். நல்ல நிம்மதி.

அப்பா நிசார் அஹமது தோல் ஃபேக்டரியில் ரகம் பிரிப்பவர். தோலை வெளிச்சத்தில் விரித்து, கீறலும் உண்ணிக்கடியும் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. போன மாதம் அவர் முதல் ரகம் என்று அனுப்பிய லாட் முழுக்கக் கீறல் என்று திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து நிசார் பாய்க்குக் கண் போச்சு என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். டாக்டரிடம் போகலாம் என்றால் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது.

சூரியன் இறங்கியதும் மேகம் சேர்ந்துகொண்டது.

"தண்ணி டேங்க்குக்கு வலப்பக்கம் மேகம் விட்டிருக்கு பாருங்கப்பா. வால்நட்சத்திரம் அங்கதான் இருக்கணும்" என்றேன். பைனாகுலரைத் துடைத்துக் கண்ணில் வைப்பதற்குள் அப்பா என் தோளைப் பிடித்தார்.

"பிறை. பாத்துட்டேன்."

"எனக்கும் தெரியுது" என்றார் அம்மி. அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

நானும் வெள்ளையாக ஒரு கீற்றைப் பார்த்தேன். அதற்குள் மேகம் மூடிவிட்டது. வால்நட்சத்திரம் இருக்க வேண்டிய இடம் அதுதான். பிறையும் அதன் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். ஆனால் அன்றைய பிறை வெறுங்கண்ணுக்குத் தெரிவது ரொம்பக் கஷ்டம். கஷ்டம்தான், நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது.

அந்திநேர மக்ரிப் தொழுகை முடிந்ததும், அப்பா பிறை பார்த்த சேதி கேட்டு, பிறை கமிட்டியிலிருந்து பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கூட வந்தவர் வக்கார் அகமது, அப்பாவின் ஃபேக்டரி மேனேஜர். ஊரில் வேறு யார் கண்ணிலும் பிறை படவில்லையாம். மேகமான நாளில் ஓர் ஆணோடு இரண்டு பெண்கள் பார்த்திருந்தால் சாட்சி செல்லும். அப்பா, அம்மி, மூன்றாவது நான். நான் தலையாட்டினால் ஆம்பூருக்கே நாளைக்குப் பெருநாள். ஆட்டாவிட்டால், அப்பாவுக்குக் கண் போச்சு என்பதற்கு நானே முத்திரை குத்தியது மாதிரி.

"கொம்பு எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று ஹஸ்ரத் அப்பாவைக் கேட்டார்.

"மேல பாத்து இருந்துச்சு ஹஸ்ரத்."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிறையின் கொம்பும் வால்நட்சத்திரத்தின் வாலும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் திரும்பியிருக்கும். சூரியன் கீழே போய்விட்டால் இரண்டும் மேலேதான் பார்க்கும்.

வக்கார் அகமது என் பக்கம் திரும்பினார். "நீ ஆகாசத்தையே படிக்கிற பொண்ணு, ஹுமேரா. நீ சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல. பாத்தியா?"

அப்பா என்னைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் புரியவில்லை. பிறை என்றால் ஊரே என்னை நம்பி நோன்பை விட்டுவிடும். வால்நட்சத்திரம் என்றும் அடித்துச் சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணு பாத்தேன் ஹஸ்ரத். அது இன்னான்னு தெரியல."

"தெரியலன்னா அது சாட்சி ஆவாதும்மா." அவர் எழுந்துகொண்டார். "நாளைக்கு முப்பதாவது நோன்பு."

அவர்கள் போனதும் அம்மி சுவரைப் பார்த்துச் சொன்னார். "நான் ஒண்ணுமே பாக்கல. அவரு பாத்தேன்னாரு, அதான் சொன்னேன்."

அப்பா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீ காட்டின எடத்துலதான் பாத்தேன் பேட்டா. வெள்ளையா இருந்துச்சு. கொம்பெல்லாம் தெரியல, சும்மா சொன்னேன்." மடித்த தொப்பியை மறுபடி பிரித்தார். "கொஞ்ச நாளா எதுக்குமே ஓரம் தெரிய மாட்டேங்குது. தோலும் அப்படித்தான்."

அம்மி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பெருநாள் கழிஞ்சதும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றார் அப்பா. "வக்கார் பாய்க்குத் தெரிய வேணாம்."