ஆர்செல் டப்ஸ் வாசிக்காத இசைத்தட்டு

1

இதை நானாக எழுத உட்காரவில்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய எங்கள் இசைத்தட்டை மறுபடி வெளியிடுகிறார்களாம். டிரம்ஸ் வாசித்த நான்தான் மிச்சம் என்பதால், ஆர்செலைப் பற்றி உறையில் போட ஒரு பக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரு பக்கம்தானே என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆகிறது.

முதல் தொடக்கம்: “மிசிசிப்பியின் பருத்திக்காட்டில் பிறந்த ஆர்செல் டப்ஸ், பசியை மறக்க மவுத் ஆர்கனை...”

(அடித்துவிட்டேன். அவன் பிறந்தது ஒரு முடிதிருத்தும் கடையின் மாடியில். பசித்ததாக அவன் சொன்னதே இல்லை.)

இரண்டாவது: “சிகாகோவில் அவனைப் போல ஊத...”

(இதுவும் தப்பு. ப்ளூஸ் இசையில் மவுத் ஆர்கனை ஊதுவதைவிட மூச்சை உள்ளே இழுத்து வாசிப்பதுதான் அதிகம். இழுத்து, சுரத்தை வளைக்க வேண்டும். அழுகை அங்கேதான் இருக்கிறது.)

2

வாரம் ஐந்து நாள், இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியில் வார்ப்புகளிலிருந்து மணலைத் தட்டி உதிர்ப்பது அவன் வேலை. சனி, ஞாயிறு எங்களோடு வாசிப்பான். இப்படிப் பத்தொன்பது வருடம். தூசியை இழுத்த அதே மார்புதான்...

(முடித்தால் இந்த வாக்கியம் அழகாகிவிடும். வேண்டாம்.)

அவன் மனைவி ஒடெஸ்ஸா ஒருமுறை கோபித்துக்கொண்டு நான்கு மாதம் அக்கா வீட்டில் இருந்தாள். அதை அவன் பாட்டாகக் கட்டினான். அவள் திரும்பி வந்த பிறகும் விடவில்லை. ஒரு ஞாயிறு மதியம் சந்தையில் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றாள்.

“ஊர் பூரா எம் மானத்த வாங்கியாச்சுல்ல? வீட்டுக்கு வா, பீன்ஸ் ஆறிப்போவுது.”

“நீ திரும்பி வந்துட்டேன்னு பாடுனா எவன்டி நின்னு கேப்பான்?”

கூட்டம் சிரித்தது. அவளும்தான். அன்று அவன் வாசித்ததை நான் எழுதிக் காட்ட முடியாது.

3

நாற்பத்தாறு வயதில்தான் அவனை ஒரு இசைத்தட்டுக் கம்பெனி ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டது. சர்ச்சுக்குப் போடும் கோட்டோடு வந்தான். ஒடெஸ்ஸா பாட்டு. நடுவில் ஒரு நீண்ட இழுப்பு உண்டு. அங்கே வந்ததும் இருமினான். ஆறு முறையும் அங்கேயேதான். அவனைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, கம்பெனிக்காரர் ஹாலிஸ் என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

“நாளைக்கு வேற ஆள வச்சு முடிச்சிரலாமா? பேர் அவரோடதுதான் வரும்.”

(முந்தைய நான்கு பிரதிகளிலும் இந்த இடத்தில் “நான் மறுத்தேன்” என்று எழுதியிருக்கிறேன்.)

நான் மறுக்கவில்லை. எனக்கும் அது முதல் இசைத்தட்டு. “லாண்டிஸ்னு ஒருத்தன் இருக்கான் சார். அச்சு அசல் ஆர்செல் மாதிரியே வாசிப்பான்” என்றேன்.

ஆர்செல் கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி வந்தான். “என்னடா ஹாலிஸ் சொன்னாரு?”

“கடைசித் தடவ நல்லா வந்துருச்சாம்.”

“நெசமாவா?”

“நெசமா.”

கதவைத் திறந்துவிட்டவர் வரைக்கும் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனான்.

4

இசைத்தட்டு வந்தபோது அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். நுரையீரல் முழுக்க மணல் என்றார்கள். ஒடெஸ்ஸா வீட்டிலிருந்து பிளேயரைத் தூக்கி வந்திருந்தாள்.

“போடுடா” என்றான் ஆர்செல்.

தட்டு உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். போட்டேன்.

லாண்டிஸ் அந்த நீண்ட இழுப்பை ஒரே மூச்சில் கடந்தான். ஆர்செல் கண்ணை மூடிக் கேட்டான். முடிந்ததும் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினான்.

“நல்லா வாசிச்சிருக்...”

மிச்சத்தை இருமல் கொண்டுபோயிற்று. நர்ஸ் ஓடிவந்து முகமூடியை மாட்டினாள். அதன்பிறகு அவன் பேசவில்லை. மறுநாள் காலையில் இறந்தான்.

அடக்கம் முடிந்து ஒடெஸ்ஸாவிடம் கேட்டேன்: “அவன் என்ன சொல்ல வந்தான்?”

“இருபத்தாறு வருசம் அந்த மூச்சு பக்கத்துல படுத்தவ நான்” என்றாள். “அது அவரு இல்லன்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சுதான்னு என்னக் கேக்காத.” அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவே இல்லை.

5

‘வாசிச்சிருக்கேன்’ என்றால், என் பொய்யைக் கட்டிக்கொண்டு செத்தான். ‘வாசிச்சிருக்கான்’ என்றால், நான் செய்தது தெரிந்தே செத்தான். தெரிந்தும் இன்னொருவனைப் பாராட்டினான். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எதையும் உறையில் போட முடியாது.

அந்தச் சொல்லை அவன் விட்ட இடத்திலேயே விடுகிறேன். முடிக்க வேண்டுமானால் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எப்படி முடித்தீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள்.