ஊறுகாய் டப்பா

“அம்மா, ஊறுகாய் டப்பாவுல இருக்கற என் ஊசிய எடுத்துக் குடு.”

கூடம் நிறைய விருந்தாளிகள். ஆள் இருக்கும்போது இதை மட்டும் கேட்கவே கூடாது என்று பதினாலு வயதிலிருந்து மௌனிகாவுக்குச் சொல்லியிருந்தார்கள். ஃப்ரிட்ஜ் இருப்பது கூடத்தில். அதனால் ஒன்பது வருடமாக இன்சுலின் அதற்குள் ஊறுகாய் டப்பாவில் ஒளிந்திருந்தது. விருந்தாளி வந்தால் குளியலறையில் ஊசி. அவர்கள் தங்கிவிட்டால் ஊசியே இல்லை.

இன்றைக்கு வந்திருப்பது பொள்ளாச்சி மாப்பிள்ளை வீட்டார். உப்புச் சர்க்கரை மாற்றிவிட்டால் சம்பந்தம் உறுதி. அவர்கள் கொண்டுவந்த தட்டு தயாராக இருந்தது. பிறகு பெண்ணும் அவர்களோடு பந்தியில் உட்கார வேண்டும். இலையும் போட்டாயிற்று.

“சத்து ஊசிங்க,” என்று அம்மா ராமாத்தாள் சிரித்தாள். “காலேஜ் படிச்ச புள்ள, ஒடம்ப நெம்பப் பாத்துக்குவா.”

“சத்து ஊசி இல்லீங்க. சக்கர நோவுக்கு. சோத்துக்கு முன்னால போடோணும். சாகற வரைக்கும் போடோணும்.”

யாருடைய ரிப்போர்ட்டையோ வாசிப்பதுபோல இருந்தது மௌனிகாவின் குரல்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே நோவுள்ள இளசுகளை உட்காரவைத்துக் கதை சொல்லச் சொல்வார்கள். இட்டுக்கட்டின கதை இல்லை, அவரவர் கதை. புதிதாக நோவு வந்த பிள்ளைகள் கேட்பார்கள். கவுன்சிலர் நிமி பதிவுசெய்து வைப்பாள். பேரும் ஊரும் சொல்லக் கூடாது என்பது ராமாத்தாள் போட்ட நிபந்தனை. அதனால் மௌனிகா எப்போதும், “ஒரு பொண்ணு இருந்தா,” என்றுதான் ஆரம்பிப்பாள்.

போன மாதம் நிமி, அவர்களோடு கதை சொல்லிவந்த செல்வப்பிரியாவின் பதிவைப் போட்டாள். கல்யாணமான மறுவாரம் போனில் பேசியது. “எங்க மாமியா ஊட்டுல எந்நேரமும் ஆளுங்கக்கா. ஆரும் இல்லாதப்பப் போட்டுக்குவேன்,” என்று சிரித்தாள். கல்யாணமான இருபத்தோராம் நாள், ஊசி விட்டுப்போய், செத்துப்போனாள். காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னார்கள். பதிவைக் கேட்ட அன்றும் மௌனிகாவுக்கு அழுகை வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கமலாத்தாள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, எல்லார் முன்னாலும் ஒன்றைப் பிதுக்கி விழுங்கினாள். “எனக்குஞ் சக்கரதானுங்க. அது வயசானா வர்றது. கொமரிப் புள்ளைக்கு வரலாமுங்களா?”

தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி பின்னால் போனான்.

“இத இன்னைக்குத்தான் கேக்கோணுமா?” என்றார் அப்பா கருப்புசாமி.

“இன்னைக்குத்தானுங்கப்பா பந்தில உக்காரச் சொன்னீங்க.”

டப்பாவைத் தானே எடுத்தாள். கூடத்தின் நடுவில் நின்று வயிற்றில் குத்திக்கொண்டாள். குத்தினால் சாப்பிட்டாக வேண்டும். காலி இலைகளுக்கு நடுவே தன் இலையில் உட்கார்ந்து, ருசி தெரியாமல், கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள். கை கழுவினாள். ஊசியைப் பையில் போட்டாள். டப்பாவைத் துலக்கிக் கவிழ்த்தாள்.

“எங்க கெளம்பீட்ட?” என்றார் அப்பா.

“பாலக்காட்டுக்கு. இன்னைக்குக் கத சொல்ற நாளு.”

ராமாத்தாள் வாசல்வரை வந்தாள். குரல் இறங்கியிருந்தது. “பேர மட்டும் சொல்லீராத கண்ணு. இன்னொரு எடம் வரும்.”

மௌனிகா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தன் பேரும் ஊரும் காலையிலேயே நிமிக்கு அனுப்பியாகிவிட்டது.