நசுங்கல் அப்படியே இருக்கும்

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைப் பள்ளிக்கூடமும் வங்கியும்தான் பயன்படுத்தின. சொந்தபந்தம் அத்தனைக்கும் அவள் இடிராணி.

பட்டம் கொடுத்தவன் கூடப்பிறந்த அண்ணன். அவள் கல்லூரியில் சேர்ந்த வருஷம், அம்மாவுக்கு மருந்து வாங்க அண்ணனும் தங்கையும் அப்பாவின் வெளிர்நீலக் காரில் போனார்கள். திரும்பி வரும்போது ஒரு கிடங்கின் கேட்டுத் தூணில் கார் மோதியது. முன்பக்கத்து இடது மட்கார்டு அப்பளமாக நொறுங்கிப்போனது. ஓட்டியவன் அண்ணன். வீட்டுக்கு வந்ததும் அவன் சொன்னது வேறு. "நச்சரிச்சாப்பா. பாவமேன்னு ஸ்டியரிங்கைக் குடுத்தேன்." அவள் இல்லை இல்லை என்று கத்தினாள். கார் என்றால் அவளுக்குப் பைத்தியம் என்பது தெருவுக்கே தெரியும். யார் நம்புவார்கள்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அண்ணன் சாவியை வைத்துக்கொண்டான், அவள் பட்டத்தை வைத்துக்கொண்டாள்.

அதோடு விட்டானா? வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், அந்தக் கதையை எடுத்துவிடுவான். ஒவ்வொரு தடவையும் அதற்குப் புதிதாக நகை பூட்டுவான். "சீட்டுல நல்லா சாஞ்சுக்கிட்டு, ஒத்தைக் கையில ஸ்டியரிங்கைப் பிடிச்சு, மகாராணி மாதிரி ஓட்டுனா பாருங்க!" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார். பிற்பாடு அவள் லைசென்ஸ் எடுத்தாள், சொந்தமாகக் கார் வாங்கினாள், ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறாள். இருந்தும் அப்பா இன்றுவரை அவள் ஓட்டும் வண்டியில் ஏறியதில்லை. "நான் ஆட்டோவுல வந்துக்கறேம்மா" என்று தன்மையாகத்தான் சொல்வார். அந்தத் தன்மைதான் அவளைச் சுட்டது.

அவளுக்கு வேலை பல் கட்டும் கூடத்தில். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்பவள். அந்தக் கை மாலையில் வீட்டுக்கு வந்ததும் கார் செய்யும். நிஜத்தின் இருபத்து நாலில் ஒரு பங்கு அளவில், உள்ளங்கையில் ஏந்தக்கூடிய கார்கள். பாகங்கள் அடங்கிய பிளாஸ்டிக் கிட்டை வாங்கி, உப்புத்தாளில் இழைத்து, ஏர்பிரஷ்ஷில் பெயின்ட் அடித்து, தலைமுடி மாதிரியான கம்பியில் இன்ஜினுக்கு வயர் இழுத்து, கண்ணாடி ஓரத்துக்கு வெள்ளித்தாள் ஒட்டி முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். வீட்டுக்காரர் அதற்கெல்லாம் பழகிவிட்டார். "குழம்புல டயர் கிடக்குது" என்று ஒருநாள் எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து பார்த்துத்தான் சாப்பிடுகிறார்.

அப்பாவின் பிறந்தநாள் நெருங்கியது. அண்ணன் போன் செய்தான்.

"உனக்குத்தான் சொப்பு கார் செய்ய வருமே. நம்ம நீலக் காரைச் செஞ்சு குடு. ஷோரூம்ல எடுத்த அன்னிக்கு இருந்த மாதிரி பளபளன்னு இருக்கணும். என் ஷோகேஸ்ல நடுத்தட்டைக் காலி பண்ணி வெச்சிருக்கேன்."

பிறந்தநாள் அப்பாவுக்கு, கார் இவன் ஷோகேஸுக்கு! பளபளவென்று செய்துகொடுத்தால், இடிச்சவ பரிகாரம் பண்ணிட்டா என்று அதற்கும் ஒரு நகைச்சுவை வைத்திருப்பான். அவள் சரி என்றாள். மனசுக்குள் வேறு கார் ஓடியது. அந்தக் கார் விபத்துக்குப் பிறகும் பல வருஷம் அதே நசுங்கலோடு ஓடியது. அப்பா சிக்கனக்காரர். ஓடுகிற வண்டிக்கு அழகு எதற்கு என்பார். அவள் செய்யப்போவது அந்தக் காரை.

நசுக்குவது சாதாரண வேலை இல்லை. பிளாஸ்டிக்கை வெளியிலிருந்து அழுத்தினால் வெடிக்கும். மட்கார்டை உள்பக்கம் சுரண்டிச் சுரண்டிக் காகிதமாக மெலிய வைத்தாள். மெழுகுவர்த்திச் சூட்டில் லேசாக வாட்டி, பல் வேலைக்கான உருண்டை முனைக் கருவியால் மெல்ல அழுத்தினாள். இரண்டு மட்கார்டு வீணாகிப் போனது. மூன்றாவது, அந்தத் தூண் வந்து மோதியது போலவே மடங்கியது. மடிப்பில் பெயின்ட் உரிந்த இடத்துக்குத் துருவின் நிறத்தையும் வைத்தாள்.

பாதி வேலையில் அண்ணன் பார்க்க வந்தான். பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன இது?"

"நம்ம கார்."

"புட்டி பூசி இதை அடைச்சிடு. அப்பா மனசு கஷ்டப்படும்."

"அப்பா இதை இப்படியே எத்தனையோ வருஷம் ஓட்டினார். அப்ப கஷ்டப்படாத மனசு இப்பவா கஷ்டப்படப் போவுது?"

"நீ இடிச்சதை நீயே காட்சிக்கு வெக்கறியா? சிரிப்பாங்க."

"நான் இடிக்கல."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று அண்ணன் வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தான். அவர் காபிக் கோப்பைக்குள் பார்வையை இறக்கிக்கொண்டார். "நல்லா கேட்டுக்கோ. அடைச்சா கொண்டு வா. இல்லேன்னா வெறுங்கையோட வா."

"நசுங்கல் அப்படியே இருக்கும்ண்ணா. காரும் வரும், நானும் வருவேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவன் போனபின் கருவியைக் கீழே வைத்துவிட்டாள். வாயால் சொல்லி எடுபடாதது மட்கார்டு சொல்லியா எடுபடும்? மறுபடி சிரித்தால் என்ன செய்வது?

பதில் உட்புறம் செய்யும்போது வந்தது. பழைய போட்டோ ஒன்றைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். கதவைத் திறந்து போட்டு அப்பா காருக்குள் உட்கார்ந்திருக்கிறார், முதுகுக்குப் பின்னால் தடித்த தலையணை. அந்தத் தலையணை வீட்டில் பிரசித்தம். மோதலில், சீட்டு முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம் வளைந்து, சீட்டு அப்போது இருந்த கடைசிக் கோடியிலேயே சிக்கிக்கொண்டது. மெக்கானிக் மொத்தமாக மாற்றவேண்டும் என்றான். சிக்கனக்காரர் தலையணை வாங்கினார். கடைசிவரை அதை முட்டுக்கொடுத்துத்தான் ஓட்டினார்.

போட்டோவில் உள்ளபடி சீட்டைப் பின்கோடியில் ஒட்டினாள். எந்தக் கார் செய்தாலும் ஓட்டுநர் பொம்மை ஒன்றை உட்காரவைத்துப் பார்ப்பது அவள் பழக்கம். ஸ்டியரிங் உயரம் சரியா, பெடல் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்தப் பொம்மை அவளேதான், அவள் உயரத்தையே அதே பங்குக்குக் குறைத்துச் செய்தது. அவள்தான் வீட்டிலேயே குள்ளம். உட்காரவைத்தாள். கால் பெடலை எட்டவில்லை. ஏதோ பிசகு என்று பெடலை அளந்தாள். சரி. சீட்டை அளந்தாள். அதுவும் சரி. பொம்மையை இன்னொரு தடவை நன்றாகச் சாய்த்து வைத்தாள். கால் அந்தரத்தில் தொங்கியது.

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் பயந்து ஓடி வந்தார். இத்தனை காலம் தொண்டை கிழியக் கத்தினோமே, இதை ஏன் சொல்லத் தோன்றவில்லை என்று ஆத்திரமும் வந்தது. சிரித்தபடியே அழுதாள்.

பிறந்தநாளன்று அண்ணன் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. கேக் வெட்டியானது. அவள் பெட்டியை அப்பா முன்னால் வைத்துத் திறந்தாள். அண்ணன் முந்திக்கொண்டான். அடைக்காமல் கொண்டுவந்திருக்கிறாள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது அவனுக்கு. அவமானத்தை அவள் பக்கமே தள்ளிவிடப் பார்த்தான்.

"பாருங்க, இடிராணி தன் கைவரிசையைத் தானே செதுக்கி எடுத்துட்டு வந்திருக்கா! அன்னிக்கு எப்படி ஓட்டுனா தெரியுமா..."

அவள் தடுக்கவில்லை. "சொல்லுண்ணா. எப்படி ஓட்டினேன்?"

"எப்படியா? சீட்டுல நல்லா முதுகைச் சாச்சு, ஒத்தைக் கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சு..." கூடம் சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக் காருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "அடேடே! என் தலகாணி!" என்றார். "தையல்கூட அப்படியே இருக்கே."

"அது எதுக்குப்பா தலகாணி?"

"சீட்டு சிக்கிக்கிச்சேம்மா. மோதினப்ப இருந்த கோடியிலயே நின்னுபோச்சு. எனக்கே கால் எட்டாது."

"உங்களுக்கே எட்டாதா?"

"எப்படி எட்டும்?" என்றவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவள் தலையணையைச் சாமணத்தால் எடுத்து வெளியே வைத்தாள். கைப்பையிலிருந்து பொம்மையை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். "இது நான்தான். என் உயரம். அண்ணன் சொன்ன மாதிரியே முதுகைச் சாச்சு உக்கார வையுங்க."

அப்பாவுக்குக் கை நடுக்கம் உண்டு. மெதுவாகத்தான் வைத்தார். வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனார். வெகுநேரம் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். அண்ணி பார்த்தாள். பார்த்துவிட்டுப் புருஷனைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். அந்த வீட்டில் நிலைப்படிக்குக் குனிந்து வருகிறவன் அவன் ஒருவன்தான்.

"பொம்மையை வெச்சுக்கிட்டுப் பஞ்சாயத்தா?" என்றான் அண்ணன். "நுனிக்கு வந்து உக்காந்து ஓட்டியிருப்பா."

"சாஞ்சிருந்தான்னு இப்பத்தானே சொன்னீங்க" என்றாள் அண்ணி.

அப்பா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "நீதானேடா?"

"அது எந்தக் காலத்துக் கதைப்பா! இப்ப எதுக்கு அதெல்லாம்?"

அவ்வளவுதான். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள்ளிருந்து எழுந்து வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

அதுதான் அவளால் பொறுக்க முடியாமல் போன வார்த்தை. அண்ணன் சொன்ன எதுவும் அவ்வளவு சுடவில்லை.

"சொன்னேன்ப்பா. வாசல்லயே சொன்னேன். அழுதுக்கிட்டே சொன்னேன். அண்ணன் மேல பழி போடாதேன்னு உள்ள அனுப்பினீங்க. அதுக்கப்புறமும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். நீங்க சிரிச்சீங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "இது ஷோகேஸுக்கு வேண்டாம். என் கட்டில் பக்கத்துல வெச்சுக்கறேன். தினம் பாக்கறேன்" என்றார்.

அவள் பொம்மையை எடுத்துப் பைக்குள் போட்டாள். தலையணையைச் சீட்டில் சரியாகப் பொருத்தினாள். பிறகு காரைத் தூக்கிப் பெட்டியில் வைத்தாள்.

"எனக்குன்னு செஞ்சது இல்லையாம்மா?"

"உங்களுக்குக் காட்டணும்னு செஞ்சேன்ப்பா. பாத்துட்டீங்க. வண்டி என்னுது."

அப்பா இரண்டு கையையும் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை.