காத்திருக்கும் நாற்காலி

ஃபின்லோவுக்கு எல்லாம் மறந்து போயிருக்க வேண்டும் என்று எங்கள் ஆபீஸே வேண்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒன்றுகூட மறந்திருக்கக் கூடாது என்று நான் மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன். இது ரோஸுக்குத் தெரிந்தால் என்னைக் கடலில் தள்ளிவிடுவாள். எங்கள் ஊரான டக்ளஸில் அதற்காக ரொம்ப தூரம் நடக்கவும் வேண்டாம், ரோட்டைத் தாண்டினால் கடல்.

ரோஸ் ஸ்கிலிகார்ன் என் சிநேகிதி, என் முதலாளி. இன்டர்நெட்டில் போக்கர் ஆடுகிறவர்களுக்குப் புதுப்புது ஆட்டமுறைகள் செய்து விற்பது எங்கள் தொழில். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கும் எங்கள் மான் தீவில் இப்போது மீன் பிடிக்கிறவர்களைவிட இந்த வேலை செய்கிறவர்கள்தான் அதிகம். நாங்கள் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டது. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு காப்புரிமை. ஃபின்லோ கார்கிஷும் ஆலிஷ் க்ரெஜீனும் சேர்ந்து கண்டுபிடித்தது என்று அந்தக் காகிதத்தில் போட்டிருக்கும். ஆலிஷ் நான்தான். எங்கள் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஒரே இடம் அது.

ஆட்டமுறைக்குக் 'காத்திருக்கும் நாற்காலி' என்று பெயர் வைத்திருந்தோம். போக்கர் ஆடும்போது ஒருவருக்கு லைன் அறுந்துபோனால், சீட்டைக் கீழே போட்டுவிட்டார் என்றுதான் கணக்கு. அவர் வைத்த பணம் போனது போனதுதான். எங்கள் முறையில், மேசையில் இருக்கும் யாராவது ஒருவர் 'பொறுக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தலாம். தான் யோசிப்பதற்குக் கொடுத்திருக்கும் நேரத்தைப் போனவருக்குக் கொடுத்துவிடுவார். அது தீரும்வரை நாற்காலி அவருடையது. சீட்டாட்டத்தில் எதிராளிக்காக எவன் பொறுப்பான் என்று அப்போது எல்லோரும் கேலி செய்தார்கள். பிறகு ஜனங்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் போனில் ஆடத் தொடங்கினார்கள். குகைக்குள் ரயில் போனால் லைன் போகும். இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு என்று பொத்தானை அழுத்தத் தொடங்கினார்கள்.

கேலி செய்தவர்களில் ஒரு பெரிய கம்பெனி, கடலுக்கு அக்கரையில் இருப்பது, எங்களைக் கேட்காமலே அந்த முறையை எடுத்துப் போட்டுச் சம்பாதிக்க ஆரம்பித்தது. ரோஸ் அமெரிக்காவில் வழக்குப் போட்டாள். காப்புரிமை என்பதே அதற்குத்தான். அதை வைத்துக்கொண்டு ஆடத் தேவையில்லை, அடுத்தவனை ஆடாதே என்று சொல்ல முடிந்தால் போதும். அந்த ஒரு காகிதத்துக்காகவே எங்கள் கம்பெனியை மொத்தமாக வாங்க ஒருவர் தயாராக இருந்தார். வழக்கு ஜெயித்தால் நல்ல விலை. தோற்றால் எங்கள் மேஜை நாற்காலிக்கு என்ன கிடைக்குமோ அதுதான் விலை.

எதிர்க்கட்சிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. விண்ணப்பம் போடுவதற்கு ஒரு வருஷத்துக்கும் முன்பே வெளியாள் யாராவது அதை ஆடியிருந்தால் காப்புரிமை செல்லாது. அப்படி யாராவது ஆடினார்களா? பதில் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவன் ஃபின்லோ, பதினோரு வருஷமாக மால்ட்டாவில் இருக்கிறான்.

எங்கள் வக்கீல் டொமினிக், லண்டன்காரன், சின்ன வயசு. விமான நிலையத்திலிருந்து அவனைக் காரில் கூட்டிவந்த ரோஸ், ஆபீஸுக்குள் நுழையும்போதே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"பாலம் வந்துச்சுடி. 'அவங்களுக்கு' ஒரு வணக்கம் சொல்லுப்பான்னேன். யாருக்குன்னு கேட்டுட்டு போனையே பாத்துக்கிட்டிருந்தான்."

"நீ சொன்னியா?"

"நான் ரெண்டு தடவை சொன்னேன். அவன் கணக்குல வைப்பாங்களோ என்னமோ."

பாலத்துக்கு அடியில் குடியிருக்கும் மாயக் குட்டி மனிதர்களை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வணக்கம் சொல்லாமல் போனால் காரியம் விளங்காது. டொமினிக் இதையெல்லாம் காதில் வாங்காமல் என்னிடம் வந்தான்.

"மேடம், முதல்ல மிஸ்டர் கார்கிஷைக் கேப்பாங்க, அப்புறம் உங்களை. எல்லாம் வீடியோவுலதான், ஆனா சத்தியம் செஞ்சு சொல்றது. நினைவில்லைன்னு சொல்றது பொய் ஆகாது, யாராலயும் நிரூபிக்க முடியாது. அவரும் அதைத்தான் சொல்வாருன்னு நம்புறோம். பதினோரு வருஷம் ஆச்சே, யாருக்குங்க ஞாபகம் இருக்கும்?"

எனக்கு இருக்கிறது. அந்தக் காற்றின் சத்தம்கூட இருக்கிறது. ஆனால் ஒருத்தி மட்டும் ஞாபகம் வைத்திருந்தால் அது நடந்ததாகவே தோன்றுவதில்லை, அதுதான் என் பிரச்சினை. இத்தனை வருஷத்தில் புதுவருஷ வாழ்த்து மட்டும் வரும். அதில் என் பெயர்கூட இருக்காது, ஊருக்கே அனுப்பியது. அவன் போனபோது நான் அழவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அழுதேன், நன்றாகவே அழுதேன்.

திரையில் அவன் முகம் வந்தது. காதோரம் நரைத்திருந்தது, கறுத்திருந்தான். பின்னால் ஆணியில் ஒரு சின்ன மஞ்சள் மழைக்கோட்டு தொங்கியது. அது யாருடையது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

எதிர்க்கட்சி வக்கீல் ஒரு அமெரிக்க அம்மாள், தேன் மாதிரிப் பேசினாள்.

"மிஸ்டர் கார்கிஷ், விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி இந்த ஆட்டத்தை நீங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாராச்சும் ஆடினாங்களா?"

ரோஸ் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"ஆடினாங்க," என்றான் ஃபின்லோ.

ரோஸின் பிடி தளர்ந்தது. டொமினிக் பேனாவை மூடி வைத்தான்.

"எப்போ?"

"விண்ணப்பம் போட்டதுக்கு முந்தின வருஷம், மார்ச் மாசம். தேதி சொல்ல வராது, ஆனா துறைமுகத்துல கேட்டா சொல்லிடுவாங்க. புயல்ல ரெண்டு நாளா கப்பல் வரலை. ஊர்ல கடைகள்ல ரொட்டி தீந்துபோச்சு. ஆலிஷ் தன் பானக்ல பாதியை உடைச்சு எனக்குக் குடுத்தா."

"பானக்னா?"

"எங்க ஊர் ரொட்டிங்க. அன்னைக்கு அதுல திராட்சை போட மறந்துட்டா. நான் கேலி பண்ணேன்."

நான் மறந்திருந்தேன், திராட்சையை. பதினோரு வருஷத்தில் எத்தனை முறை அந்தச் சாயங்காலத்தைப் புரட்டிப் பார்த்திருப்பேன், திராட்சை வந்ததே இல்லை. அவன் என்னைவிட அதிகமாக வைத்திருக்கிறான்.

அவன் சொல்லிக்கொண்டே போனான். சாப்பிட்டுவிட்டு அவன் தீவின் மறுகரையில் பீல் என்ற ஊரில் இருந்த தன் வீட்டுக்குப் போனான், நான் டக்ளஸில் என் அறையில். செய்த ஆட்டம் ஓடுகிறதா என்று பார்க்க இருவரும் உட்கார்ந்தோம். வெளியாட்கள் நுழையாமல் இருக்கப் பூட்டுப் போட அவன் மறந்துவிட்டான். எங்கிருந்தோ ஒரு ஃபின்லாந்துக்காரர் வந்து மேசையில் உட்கார்ந்தார். ரொட்டிக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். ரொட்டி இல்லாத ஊரில் இருந்துகொண்டு நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! காற்றில் பீல் பக்கம் லைன் போனது. பொத்தானை முதன்முதலாக அழுத்தியது அந்த ரொட்டிக்காரர்தான்.

"அவரு எழுதியிருந்ததை நான் திரும்பி வந்து படிச்சேன். 'உங்க சிநேகிதர் போயிட்டார், நான் பொறுக்கிறேன்'னு. அதுக்குக் கீழ ஆலிஷ், 'நானும்'னு போட்டிருந்தா."

"வேற ஏதாவது பேசினீங்களா?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு நான் எழுதினேன். நாளைக்குக் கேளு, நேரம் நிறைய கெடக்குன்னு அவ எழுதினா. அவ்வளவுதான்."

நேரம் நிறைய கிடக்கு. எங்கள் தீவே இந்த வார்த்தையில்தான் ஓடுகிறது. கூரை ஒழுகினால், கல்யாணம் தள்ளிப்போனால், காப்புரிமைக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தால், எல்லாவற்றுக்கும் இதேதான். பைக் பந்தயம் முடியட்டும், கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று ரோஸின் மேஜை இழுப்பறையிலேயே கிடந்த விண்ணப்பம் மறுவருஷம் மே மாசம்தான் போனது. இரண்டு மாசம் முன்னால் போட்டிருந்தால் ரொட்டிக்காரரால் ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கு முன்பே, புயலடித்த அந்த வருஷமே ஃபின்லோ மால்ட்டாவுக்குப் போய்விட்டான். கேட்க வேண்டியதை அவன் கேட்கவில்லை. என்ன கேட்க வந்தாய் என்று நானும் கேட்கவில்லை.

இடைவேளை விட்டார்கள். டொமினிக் என்னைத் தனியாக இழுத்தான்.

"இன்னும் முழுசா போயிடலை. ஒருத்தர் சொல்றது மட்டும்தான். நீங்க நினைவில்லைன்னு சொல்லிட்டா போதும், அவரு எதையோ குழப்பிக்கிறாருன்னு நான் வாதாடிடுவேன்."

ரோஸ் வீட்டை அடமானம் வைத்து வழக்கு நடத்துகிறவள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவளுக்காகவாவது சொல்லிவிடலாம் என்றுதான் போய் உட்கார்ந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அமெரிக்க அம்மாள் கேட்டாள், "மேடம், மிஸ்டர் கார்கிஷ் சொன்ன அந்தச் சாயங்காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

திரையின் ஓரத்தில் அவன் இன்னும் இருந்தான். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நினைவில்லை என்று சொன்னால் அது வக்கீலுக்குச் சொல்வது ஆகாது, அவனுக்குச் சொல்வது.

"இருக்கு," என்றேன். "எல்லாம் அவன் சொன்னபடிதான்."

"அப்புறம் அந்தக் கேள்வியை அவர் கேட்டாரா?"

"இல்லைங்க. நேரம் நிறைய இருந்துச்சு."

அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நன்றி சொன்னாள். கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து போயின. டொமினிக் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான், ரோஸும் பின்னாலேயே போனாள். இரண்டு கட்டங்கள் மிச்சம் இருந்தன. அவனும் போகவில்லை, நானும் போகவில்லை.

"உன் பொழைப்பைக் கெடுத்துட்டேனா?" என்றான்.

"கெடுத்துட்டே. நாசமாப் போ."

சிரித்தான். அதே சிரிப்பு.

"அன்னைக்கு என்ன கேக்க வந்தே?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். இருந்தாலும் கேளு."

அவன் மழைக்கோட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு நேராக உட்கார்ந்தான்.

"என்கூட வர்றியா, ஆலிஷ்?"

"வர்றேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான், ஆணியிலிருந்து அந்தக் கோட்டை எடுத்தான்.

"அங்க மழையா?" என்றேன்.

"அதிசயமா இன்னைக்கு மழை. பொண்ணு கோட்டை மறந்துட்டு ஸ்கூலுக்குப் போயிட்டா."

"போ. நனையப் போறா."

கட்டம் அணைந்தது. கதவைத் திறந்துகொண்டு ரோஸ் இரண்டு கோப்பை டீயோடு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அந்தக் காகிதத்துக்கு இனிமே ஒரு காசு தேறாதுடி. எல்லாம் அந்த லண்டன்காரனால. வணக்கம் சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"ரோஸ், என்னை மன்னிச்சிடு."

"அதை அப்புறம் பாக்கலாம். அவன் இவ்வளவு நேரமா என்ன சொன்னான்?"

"கேட்டான்டி."

டீயைக் கீழே வைத்தாள். "நீ?"

"அன்னைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன், வர்றேன்னு."

"போகப் போறியா?"

"எங்கடி போறது? அவன் பொண்ணு மழையில நிக்குது."

ரோஸ் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த முறையும் அழுதேன், ஆனால் அழவில்லை என்று யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.