கப்பலில் வராத தலைசுற்று

ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் சதாசிவமும் அவர் மனைவி யோகேஸ்வரியும் நாலு நாள் உல்லாசக் கப்பலில் சுற்றிவிட்டுக் காலையில் கொழும்பில் இறங்கினார்கள். வேன் அனுப்புகிறேன் என்று மகள் எத்தனையோ முறை சொன்னாள். "ரயில்ல ஜன்னல் ஓரமா ஒக்காந்து வர்றோம்மா" என்று மறுத்தவர் சதாசிவம்தான். ஸ்டேஷனில் போய்க் கேட்டால், பாதையில் மண் சரிந்துவிட்டது, இன்றைக்கு மலைப்பக்கம் ரயிலே இல்லை என்றார்கள்.

வேறு வழியில்லாமல் இரண்டு பெட்டிகளோடு நெரிசலான பஸ்ஸில் ஏறினார்கள். கடலில் ஒரு நாள்கூடத் தலைசுற்றாத யோகேஸ்வரிக்குக் கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் புரட்டியது. சதாசிவம் கண்டக்டரிடம் சிங்களத்தில் கெஞ்சி பஸ்ஸை நிறுத்தி, அவளையும் பெட்டிகளையும் இறக்கி, குனிந்து நின்றவளின் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். பஸ் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

பக்கத்துக் கடையில் இஞ்சி போட்ட பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

"எம்மேலதான் தப்பு. வேன்லயே வந்திருக்கலாம். திட்டு, வாங்கிக்கிறேன்."

"திட்டுறதுக்கும் தெம்பு வேணாமா? வீட்டுக்குப் போய்த் திட்டுறேங்க" என்றாள்.

அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து வந்த பஸ்ஸில் ஒரே ஒரு சீட்தான் இருந்தது. அவளை உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றார். கொஞ்ச தூரத்திலேயே அவள் அவர் இடுப்பில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். பின்னால் ஒரு இடம் காலியானபோது கண்டக்டர் அவரைக் கூப்பிட்டார். சதாசிவம் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, ஹட்டன் வரும்வரை கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.