பட்டினி கிடக்காத செல்கள்

தேஜோனில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிபோமும் யூன்சலும் கணவன் மனைவி. அவள் அவனுக்கு மூத்தவள். அவன் மாணவனாகச் சேர்ந்தபோது எலி மூளையை மெல்லிசாகச் சீவக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அவளை ‘நூனா’ என்றே கூப்பிட்டான். கொரிய மொழியில் அக்கா என்று அர்த்தம். அந்த ஊரில் அதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

யூன்சலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு கட்டுரை. நரம்பு செல்களைச் சுற்றி நட்சத்திர வடிவில் துணைச் செல்கள் இருக்கும். அவை சர்க்கரையைப் பாதி செரித்து, லாக்டேட் என்ற பொருளாக்கி நரம்பு செல்களுக்கு ஊட்டுகின்றன. அதை நம்பியே நரம்பு செல்கள் வேகமாக வேலை செய்கின்றன என்று அவள் எழுதியிருந்தாள்.

“ஒருத்தர் ஆக்கிப் போடணும், ஒருத்தர் உக்காந்து சாப்பிடணும். நம்ம வீடு மாதிரியேதான்” என்று கிபோமைச் சீண்டுவாள். அந்த வீட்டில் சமைப்பது அவன்தான்.

ஒரு வசந்தத்தில் கிபோம் ஒரு புது மருந்தால் லாக்டேட் நரம்பு செல்லுக்குள் நுழையும் வாசலை அடைத்துப் பார்த்தான். அவள் சொன்னது சரியென்றால் செல்கள் களைத்து அடங்க வேண்டும். அடங்கவில்லை. திரையில் அவற்றின் மின்துடிப்பு சீராக ஓடிக்கொண்டே இருந்தது. சர்க்கரையை அவை தாமே எரித்துக்கொண்டன.

அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வேறு புட்டி மருந்து வரவழைத்தான், வேறு எலிகளை எடுத்தான். தன் கையில்தான் தப்பு இருக்க வேண்டும் என்று அவன் தவிப்பதைப் பக்கத்து மேசையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அவள் சீண்டினாலும் அவன் பதிலுக்கு வாயாடவில்லையாம். சந்தேகப்பட்டு ஒரு ஞாயிறு மத்தியானம் ஆய்வுக்கூடத்துக்கு வந்து அவன் பின்னால் நின்றாள். மருந்து பாய்ந்துகொண்டிருந்தது, துடிப்பும் ஓடிக்கொண்டிருந்தது. நானும் பக்கத்து மேசையில்தான் இருந்தேன்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“மருந்து சரியில்லையோன்னு...”

“கிபோம்.”

“ஒரு மாசமா, நூனா.”

அவனை எழுப்பிவிட்டு அவளே உட்கார்ந்தாள். தானே மூளையைச் சீவினாள், தானே மருந்து கலந்தாள். பதில் மாறவில்லை. பிறகு, தன் கட்டுரைக்காக முன்பு தான் பயன்படுத்திய பழைய மருந்தைப் பாய்ச்சிப் பார்த்தாள். அது வாசலை அடைத்ததோடு நிற்கவில்லை. செல்லுக்குள் எரியும் அடுப்பையும் சேர்த்து அணைத்துவிட்டது. அன்று அவள் சோதித்த செல்கள் அடங்கியது அதனால்தான்.

“கட்டுரை தப்பாப் போனதுக்கு எனக்குக் கோபமில்ல” என்றாள். “நான் தாங்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ணே பாரு, அதுக்குத்தான்.”

“நீ அழுதா என்னால பாக்க முடியாது, நூனா.”

“அழுதா அழுறேன். பக்கத்துல உக்காரு. வேற எதுக்கு உன்னைக் கட்டிக்கிட்டேன்?”

கொஞ்சம் அழத்தான் செய்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் ஐஸ் எடுக்கப் போவதாகச் சொல்லி வெளியேறினேன்.

வாராந்திரக் கூட்டத்தில் ஆய்வுக்கூடத் தலைவர் பேராசிரியர் மா முன்னால் அவளே எழுந்து, தன் முடிவு தவறென்று சொன்னாள். கண்டுபிடித்தது யார் என்று அவர் கேட்டார்.

“எங்க வீட்டுச் சமையல்காரர்” என்றாள்.

புதுக் கட்டுரையில் கிபோம் பெயர் முதலில் வந்தது. அது வெளியான அன்று எங்கள் எல்லோருக்கும் அவள் செலவில் கல்குக்ஸு என்ற சிப்பி போட்ட சூப் நூடுல்ஸ். அவன் கிண்ணத்தில் கிடந்த சிப்பிகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள். அவன் கிண்ணத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.