தளம் போட்ட நாள்

திண்டிவனத்திலிருந்து தேவசகாயம் கிளியனூர் வந்து சேர்ந்தபோது மணி பத்து. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, தோளில் கிடந்த பையைக் கழற்றாமலே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் டி.வி. ரிப்பேர் பார்த்தவர். டி.வி.க்கு மவுசு போனபிறகு கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டார்.

"இன்னாம்மா பண்ணுது?"

அம்சா வாயைத் திறப்பதற்குள் அவள் கொழுந்தன் ஆனந்தராஜ் முந்திக்கொண்டான்.

"செவப்பா ஒண்ணு வந்து நிக்குதுண்ணா. வைரஸ் வைரஸ்னு கத்துது. மூடவும் மாட்டேங்குது. எல்லாம் இவளாலதான். படிக்கிறதுக்குன்னு வாங்கிக் குடுத்தா, கண்டதையும் நோண்டி வச்சிருக்கா."

அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தமிழ்மொழி நிமிர்ந்து பார்த்தாள். பன்னிரண்டாவது படிக்கிற பெண். "நான் ஒண்ணும் பண்ணல சித்தப்பா" என்றாள்.

"பின்ன உங்கம்மாவா பண்ணுச்சு?"

அம்சா முந்தானையால் ஏற்கெனவே துடைத்திருந்த டம்ளரை இன்னொரு தடவை துடைத்தாள்.

திரை வெளிச்சமானது. சிவப்புக் கேடயம் ஒன்று நடுவில் எழுந்து நின்றது. ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு சத்தம். அதற்குக் கீழே வரிவரியாகப் பைல் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. தேவசகாயம் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சிரித்தார்.

"போலீஸ் சட்டை போட்டுக்கினு வந்த திருடன்மா இவன். வைரஸைப் புடிக்கிறேன்றானே, இவன்தான் வைரஸ். கார்டு நம்பர் கேட்டிருப்பானே?"

"கேட்டுச்சுண்ணா. எங்ககிட்ட ஏது கார்டு?" என்றான் ஆனந்தராஜ்.

"இல்லாததே நல்லதாப் போச்சு."

அம்சாவுக்குக் கை நின்றுவிட்டது. "அப்ப அந்தச் செவப்பு போட்டிருக்கிற பைலுங்க... அதுங்க கெட்டுப் போவலியா?"

"ஒண்ணும் ஆயிருக்காது. கண்ணுல பட்ட பேரையெல்லாம் எழுதி வச்சிக்கினு பயமுறுத்துவான். அம்புட்டுதான். அதுங்க பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கும்."

அம்சா டம்ளரைக் கீழே வைத்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது அவள் புருஷன் வேணுவின் சாவு. அவள் அப்படித்தான் நினைத்து வைத்திருந்தாள். கண்டமங்கலத்தைத் தாண்டிப் பாண்டிச்சேரி ரோட்டில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் சாரத்திலிருந்து வேணு விழுந்து பதினோரு மாதம் ஆகிறது. இடுப்பில் பெல்ட் இல்லை, கீழே வலை இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன காண்டிராக்டர் ஆட்கள், "எங்க ஆளே இல்ல, வேடிக்கை பார்க்க வந்தவன், குடிச்சிருந்தான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேணு வாழ்க்கையில் பீடி புகைத்திருக்கிறான், குடித்ததில்லை. கூட வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் அடுத்த நாளும் அதே காண்டிராக்டரிடம் போய் நிற்க வேண்டியவர்கள் அவர்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

மிச்சமிருந்தது படங்கள்தான். அந்த வேலையில் ஒரு வழக்கம். காலையில் ஆட்கள் வந்ததும் மேஸ்திரி எல்லோரையும் வரிசையாக நிற்க வைப்பான். முன்னால் குந்தியிருப்பவன் கையில் ஒரு சிலேட்டு, அதில் சாக்பீஸால் தேதி. படம் எடுத்து வாட்ஸப் குரூப்பில் போடுவான். எத்தனை ஆள் வந்தது என்று காண்டிராக்டருக்கு அதுதான் சாட்சி. வேணு விழுந்த அன்று சாயங்காலமே குரூப்பைக் கலைத்துவிட்டார்கள். ஆனால் வேணுவின் போனில் மூன்று மாதப் படங்கள் தங்கியிருந்தன. போன் நொறுங்கிப் போயிருந்தது. கடைக்காரர் ஒருத்தர் எப்படியோ ஒரே ஒரு தடவை அதற்கு உயிர் கொடுத்து, ஆனந்தராஜ் தூக்கிக்கொண்டு போன இந்தக் கம்ப்யூட்டரில் இறக்கிக் கொடுத்தார். பிறகு அந்தப் போன் திறக்கவே இல்லை.

அறுபத்து நாலு படம். நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில் வக்கீல் முதலில் இரண்டை மட்டும் வாங்கி வைத்தார். "அந்த ரெண்டு நாள் வேடிக்கை பார்க்க வந்தான், நின்னுட்டுப் போனான்" என்று எதிர்த்தரப்பு பதில் போட்டது. விழுந்த அன்றைக்கு நாலாவது தளம் போடுகிற வேலை நடந்ததாம், அன்றைக்கு வரிசையிலேயே அவன் இல்லையாம். அதனால் எல்லாப் படத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் வக்கீல். திங்கட்கிழமை விழுப்புரத்தில் விசாரணை. இன்றைக்குச் சனிக்கிழமை.

அம்சா அந்தப் படங்களைக் கெடுத்தது போன வாரம்.

வக்கீல் அனுப்பிய மனுவைப் பார்க்க எதையோ இறக்கப் போய், பச்சையாகப் பெரிதாக இருந்த பொத்தானை அழுத்தினாள். சிவப்புக் கேடயம் அப்போது வந்ததுதான். பைல் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தாள். எல்லாம் வேணுவின் படங்கள். இருபதில் சிவப்புக் குறி. அவள் பிறந்த வீட்டில் விதை மல்லாட்டை பொறுக்குவது அவள் வேலை. பூசணம் பிடித்த ஒரு வேர்க்கடலையை விட்டு வைத்தால் மூட்டையே போய்விடும். கெட்டதைப் பொறுக்க வேண்டும், பொறுக்கியதைக் குவியலுக்குப் பக்கத்தில் போடக் கூடாது, களத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அவளுக்கு அதுதான் தெரியும். சிவப்பு விழுந்த இருபதையும் ஒவ்வொன்றாக அழித்தாள். குப்பைத்தொட்டியில் கிடந்தால் அங்கிருந்து பரவுமே என்று குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். மற்ற நாற்பத்து நாலும் தப்பித்தது என்று நினைத்தாள்.

மறுநாள் வேறு பத்தொன்பதில் சிவப்பு. பொறுக்கினாள். அதற்கு மறுநாள் இன்னும் இருபத்தொன்று. அழித்துக்கொண்டே போகும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, கை நிற்கவில்லை. கடைசியில் நாலு மிஞ்சியது. நாலாம் நாள் அந்த நாலிலும் சிவப்பு விழுந்தபோதுதான் பயந்துபோய், கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்று ஆனந்தராஜிடம் சொன்னாள். தான் செய்ததைச் சொல்லவில்லை.

தேவசகாயம் கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்ப எழுப்பினார். இந்தத் தடவை திரை மங்கலாக, எழுத்தெல்லாம் பெரிதாக வந்தது. "இப்பிடி எழுப்புனா அவன் எழுந்திருக்க மாட்டான். தூங்குறப்பவே கழுத்தைப் புடிக்கணும்" என்றார். எதையோ தேடினார், அழித்தார், இன்னொன்றை ஏற்றி ஓட விட்டார். முக்கால் மணி நேரம். நடுவில் டீ குடித்தார். "இவனுக்கு மூணு வூடு. ஒண்ணுல தொரத்துனா இன்னொண்ணுல போய்ப் பூந்துக்குவான்" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் எழுப்பினார். சிவப்பு வரவில்லை. சத்தம் வரவில்லை. பச்சை வயல் தெரிகிற பழைய பின்னணிப் படம் மட்டும் திரையில் நின்றது.

"போயிட்டான். ஆனா இந்த வண்டியை நம்ப முடியாது. எதுனா விட்டுட்டுப் போயிருப்பான். முக்கியமானதை எடுத்து வச்சிக்கினு மொத்தமா தொடச்சி ஃபார்மட் போட்டுடலாம்."

"எங்கண்ணன் போட்டோ இருக்கு, அதை மட்டும் எடுத்துடுங்கண்ணா" என்றான் ஆனந்தராஜ்.

தேவசகாயம் 'வேணு' என்று பெயர் போட்டிருந்த ஃபோல்டரைத் திறந்தார். நாலு படம்.

"நாலுதானே இருக்கு?"

ஆனந்தராஜ் குனிந்து பார்த்தான். முகம் வெளிறிப் போனது. "அறுபத்து நாலுண்ணா. நான் எண்ணியிருக்கேன்."

"இந்த மாதிரி ஆளு அழிக்க மாட்டானே. பயமுறுத்துவான், காசு கேப்பான். அழிச்சா அவனுக்கு இன்னா லாபம்?"

"தமிழு! இங்க வாடி!"

தமிழ்மொழி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"உங்கப்பன் போட்டோ எங்கடி?"

"எனக்குத் தெரியாது சித்தப்பா. நான் அதைத் தொறக்கவே மாட்டேன். பார்த்தா தூக்கம் வராது."

"பொய் சொல்லாத. எடம் பத்தலன்னு நீதான் அழிச்சிருப்ப. பாட்டு இறக்கிறதுக்கு!"

பெண் அழவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி கூட இல்லை, ஒத்தாசைக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அம்சா சுவரைப் பார்த்தாள்.

ஆனந்தராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "போச்சு. எல்லாம் போச்சு. நீங்க போடுங்கண்ணா ஃபார்மட்டை. இந்த நாலை வச்சிக்கினு அவனுங்க மூஞ்சில நாம முழிக்க வேண்டியதுதான்."

தேவசகாயம் நாலு படத்தைத் தன் பென் டிரைவில் வாங்கிக்கொண்டார். பையிலிருந்து இன்னொன்றை எடுத்துச் செருகினார். நீலத் திரை வந்தது. எந்த டிரைவைத் துடைப்பது என்று கேட்டு நின்றது. அவர் விரல் பொத்தானுக்குப் போனது.

"நான்தான் அழிச்சேன்."

தேவசகாயம் திரும்பினார்.

"செவப்பு போட்டதெல்லாம் கெட்டுப் போச்சின்னு நெனச்சி நான்தான் பொறுக்கி எறிஞ்சேன். மத்ததாவது பொழைக்கட்டும்னு. குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். பாப்பா தொடலண்ணா. அவளைச் சொல்லாதீங்க தம்பி."

அடுத்த நொடி தேவசகாயம் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது.

"இதை வந்தவொடனே சொல்றதுக்கு இன்னாம்மா?" அவர் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "அழிச்சது வெளிய போவலம்மா. பேரைத்தான் அடிச்சிருக்க, ஆளு இன்னும் உள்ளதான் இருக்கான். ஆனா அந்த எடத்துல வேற எதுனா வந்து குந்திக்கினா போச்சு. நான் ஒரு மணி நேரமா எதை எதையோ உள்ள ஏத்திக்கினு இருக்கேன். எத்தினி படத்து மேல நான் மிதிச்சேனோ, யாருக்குத் தெரியும்?"

அம்சா நின்ற இடத்திலேயே நின்றாள். ஆனந்தராஜ் அவளைப் பார்த்தான். தமிழ்மொழி மெதுவாக அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தேவசகாயம் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தார். ஒரு கேபிளால் அதைத் தன் லேப்டாப்பில் மாட்டினார். "இதுல ஒண்ணும் எழுதாம, படிக்க மட்டும் விடுறேன். பழைய டிஸ்க்கு. கெடைக்கும்னு சொல்ல மாட்டேன், கெடைக்காதுன்னும் சொல்ல மாட்டேன்."

கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. எறும்பு போல நகர்ந்தது. யாரும் சாப்பிடவில்லை. இரண்டு மணிக்கு மேல் அது முடிந்தது.

"நாப்பத்து மூணு" என்றார் தேவசகாயம். "மிச்சம் பதினேழு போனது போனதுதான். இதுலயும் சிலது பாதிதான் தொறக்கும். பேரும் போயிடுச்சி, தேதியும் போயிடுச்சி. வெறும் நம்பர்தான். எது முன்ன, எது பின்னன்னு தெரியாது."

ஒவ்வொன்றாகத் திறந்தார். ஆட்கள் வரிசையாக நின்றார்கள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலையில் துண்டோடு, இடதுகைப் பக்கம் மூன்றாவதாக வேணு. எல்லாவற்றிலும் அதே இடம். பலவற்றில் சிலேட்டில் தேதி தெளிவாக இருந்தது. சிலவற்றில் சாக்பீஸ் வெயிலில் மங்கியிருந்தது. ஏழெட்டுப் படங்களில் மேல்பாதி இருந்தது, கீழ்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். சிலேட்டு இருக்க வேண்டிய இடம் அந்தச் சாம்பலுக்குள் போயிருந்தது.

"இதெல்லாம் செல்லாதும்மா. தேதி இல்லாம இன்னா பண்றது?"

அம்சா பக்கத்தில் வந்து குனிந்தாள். அவளும் வேணுவும் ஒன்பது வருஷம் ஒன்றாகச் சாரம் ஏறியவர்கள். அவன் கொத்தனார், அவள் சித்தாள். இடுப்பு போனபிறகுதான் அவள் நின்றாள். அவள் கண் ஆட்களின் மேல் போகவில்லை. அவர்களுக்குப் பின்னால் நின்ற கட்டடத்தைப் பார்த்தது.

"இது மொதல்லண்ணா. ரெண்டாவது தளம் போட்டு சென்ட்ரிங் பலகை பிரிக்கல பாருங்க, தாங்குற முட்டு இன்னும் நிக்குது. இது அதுக்கு அப்புறம். முட்டைப் பிரிச்சி செவுரு எழுப்புறாங்க. பின்னாடி ஜன்னல் மட்டம் வந்திருக்கு. இதை அதுக்குப் பின்ன போடுங்க."

தேவசகாயம் போட்டார். அவள் சொல்லிக்கொண்டே போனாள். தூணுக்குப் பெட்டி அடித்தது, மூன்றாவது தளத்துக்குக் கம்பி கட்டியது, போட்ட தளத்தின் மேல் தண்ணீர் கட்டி நின்றது. நடுநடுவே தேதி தெரிந்த படங்கள் வந்தன. அவள் சொன்ன வரிசைக்கு ஒன்று கூட மாறவில்லை. ஆனந்தராஜ் எழுந்து வந்து பின்னால் நின்றான்.

பாதிப் படம் ஒன்று. அம்சா நிறுத்தச் சொன்னாள்.

மேலே நாலாவது தளத்துக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்திருந்தார்கள். கட்டடத்தை ஒட்டிக் கலவையை மேலே ஏற்றுகிற லிஃப்ட் நின்றது. அதற்குப் பக்கத்தில் கலவை மிஷினின் உருளை, சாம்பலுக்குள் மூழ்குவதற்கு முன்னால் மேல்வட்டம் மட்டும். வரிசையில் வழக்கத்தைவிட இரண்டு பங்கு ஆட்கள். இடதுகைப் பக்கம் மூன்றாவதாக வேணு. நெஞ்சு வரைக்கும் இருந்தான். அதற்குக் கீழே இல்லை.

"கலவை மிஷினும் லிஃப்ட்டும் வாடகைக்கு வர்றது. தளம் போடுற அன்னிக்குத்தான் நிப்பாட்டுவாங்க, சாயந்தரமே தூக்கிக்கினு போயிடுவாங்க" என்றாள் அம்சா. "நாலாவது தளம் என்னிக்குப் போட்டாங்கன்னு அவனுங்களே எழுதிக் குடுத்திருக்கானுங்க. அன்னிக்கு இவரு வரிசையிலயே இல்லன்னு."

தேவசகாயம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

"மீதிப் படம் எங்கன்னு கேப்பாங்க அண்ணி" என்றான் ஆனந்தராஜ்.

"கேக்கட்டும். நான் அழிச்சேன்னு சொல்றேன். எப்பிடி அழிச்சேன்னும் சொல்றேன்."

அடுப்படி வாசலில் தமிழ்மொழி வந்து நின்றிருந்தாள். அம்சா தன் பக்கத்தில் பாயைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டாள். பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்கு இன்னா பேரும்மா வைக்கிறது?" என்றார் தேவசகாயம்.

"தளம் போட்ட நாள்னு போடுங்க."

அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். இன்னும் ஆறு படம் பேரில்லாமல் கிடந்தது.

"அடுத்ததைத் தொறங்கண்ணா" என்றாள் அம்சா.